முந்நூற்றுப் பன்னிரண்டு ஃபைனல்

அந்த புரோகிராமில் மொத்தமே பதினோரு வரிதான். நோட்பேடில் அடித்தது. அடித்தது நான். அதில் ஒரு கழித்தல் குறியை எடுத்ததும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை.

2007. வீரபாண்டியில் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனி. கீழே கட்டிங், தையல், செக்கிங். மாடியில் ஆபீஸ். அம்மா பாண்டியம்மாள் கீழே செக்கிங்கில் நின்றுகொண்டு பீஸ் பீஸாகப் புரட்டி ஓட்டை தேடுவாள். நான் மாடியில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அதை வைத்துக்கொண்டு நான் செய்த வேலை, பையர், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரன், அனுப்பும் மெயிலைத் திறந்து, அதிலிருப்பதை இறக்கி, பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது. பத்தாம் வகுப்புப் படித்தவளும் செய்வாள். மூன்று வருடம் மண்டையில் ஏற்றிய எதையும் ஒன்றரை வருடமாக அங்கே யாரும் கேட்கவில்லை.

அதனால்தான் சுரேந்தர் வந்து கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

சுரேந்தர் முதலாளி கந்தப்பனின் மகன். கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு புதன்கிழமை என் மேசைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க வேல்விழி, இந்த டெஸ்க்டாப்பப் பாத்தீங்களா? சந்தக்கடையாட்டம் இருக்குதுங்க. திங்கக்கெழம பெங்களூர்ல இருந்து பையிங் ஆபீஸ் மேடம் வர்றாங்க. அவங்க பாக்கறப்ப எல்லாம் நீட்டா இருக்கோணும். நீங்க கம்ப்யூட்டர் சயின்ஸ்தானுங்களே, ஒரே அமுக்குல படமெல்லாம் ஒரு பக்கம், எக்செல் எல்லாம் ஒரு பக்கம்னு பிரிச்சுப் போடற மாதிரி பண்ண முடியுங்களா?"

"முடியும் சார்."

இதற்கு முன் அங்கே யாரிடமும் அவ்வளவு வேகமாக நான் பதில் சொன்னதில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் எழுதிவிட்டேன். ஃபைல் பெயரின் வாலைப் பார்க்கும். படம் என்றால் படங்கள் ஃபோல்டருக்கு, எக்செல் என்றால் எக்செல் ஃபோல்டருக்கு, கோரல்டிராவில் வரைந்தது என்றால் கோரல் ஃபோல்டருக்கு என்று நகர்த்திவிடும். டெஸ்க்டாப்பில் ஓட்டிக் காட்டினேன். கறுப்புக் கட்டம் வந்தது, வரிகள் ஓடின, திரை வெறிச்சென்று ஆனது. சுரேந்தர் கைதட்டினார். ஆர்டர் கவனிக்கிற மெர்ச்சண்டைசர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

"பாத்தீங்களா, நம்ம செக்கிங் அம்மிணி மக" என்றார் ஒருவர். அதைப் பாராட்டு என்றுதான் அவர் நினைத்தார்.

"சூப்பருங்க. இதே மாதிரி சர்வர்லயும் ஓட்டிரலாம். உள்ளுக்குள்ள இருக்கற ஃபோல்டருக்கெல்லாம் போயி எடுக்கற மாதிரி மாத்திக் குடுங்க" என்றார் சுரேந்தர்.

சர்வர் என்று அவர்கள் சொன்னது ஏசி அறையில் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில்தான் கம்பெனியின் எல்லா ஸ்டைலும், அதாவது தைத்த ஒவ்வொரு டிசைனும், இருந்தது. ஒரு ஸ்டைலுக்கு ஒரு ஃபோல்டர், ஃபோல்டருக்குப் பெயர் ஸ்டைல் நம்பர். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. அந்த ஃபோல்டர்களுக்குள் இருந்த படங்களில் பாதிக்கு மேல் ரோஸ்மேரி வரைந்தவை.

ரோஸ்மேரி என் பக்கத்து மேசை. உவரிக்காரி. பன்னிரண்டாம் வகுப்பு, அதற்கு மேல் ஆறு மாதம் டி.டி.பி. கோர்ஸ். பையர் ஒரு மங்கலான படத்தை அனுப்புவான், சில நேரம் காகிதத்தில் கிறுக்கியதை. அதைப் பார்த்துக் கோரல்டிராவில் கோடு கோடாக வரைந்து, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று நிறம் பிரித்து, பிரிண்டிங் பட்டறையில் ஸ்கிரீன் போடத் தயாராக்கிக் கொடுப்பாள். குழந்தைகள் டி-சர்ட்டில் சிரிக்கிற முயல், ஓடுகிற ரயில் எல்லாம் அவள் கைதான். வேலை முடிந்து பையர் ஓகே சொன்னதும் அந்த ஃபைலுக்கு ஒரே பெயர் வைப்பாள். ஃபைனல்.

ஒருமுறை நான் கிண்டல் செய்தேன். "எல்லாத்துக்குமா ஃபைனல்னு பேர் வைப்ப? வேற பேரே கெடைக்கலையா?"

"ஏட்டி, நாம இருக்கது வரிசையா ஒட்டிக் கட்டுன லைன் வீடு. கதவுல நம்பர் போட்டிருக்குல்லா? உள்ள இருக்க அடுப்புக்கும் அண்டாவுக்கும் தனியா நம்பர் எழுதுவியாக்கும்?"

சிரித்துவிட்டேன். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததோடு சரி, யோசிக்கவில்லை.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். ஃபோல்டர் வரிசையில் எல்லாவற்றுக்கும் கீழே 'இசட் இசட்' என்று ஒன்று இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைத் திறந்து அவள் தன் தம்பி ராபினின் கல்யாணப் பத்திரிகையை வரைந்துகொண்டிருந்தாள். கடல், ஒரு வள்ளம், வள்ளத்தில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர். அந்த மணவாட்டியின் தலையில் இருந்த முக்காட்டுக்கு மட்டும் நான்கு நாள் எடுத்துக்கொண்டாள். முடித்ததும் அதற்கும் ஃபைனல் என்றே பெயர் வைத்தாள்.

"அவ்ளோ கீழ போயி எவன் பாக்கப் போறான்" என்பாள்.

வெள்ளிக்கிழமை அவள் ராபினின் நிச்சயத்துக்கு ஊருக்குப் போய்விட்டாள்.

அன்று மூன்று ஸ்டைல் ஃபோல்டர்களை என் கம்ப்யூட்டருக்கு எடுத்துப் போட்டு, மாற்றி எழுதிய புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். நடுவில் நின்றது. இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதன் மேல் எழுதவா, ஆம், இல்லை, எல்லாம் என்று கேட்டது. கேட்கச் சொல்லித்தான் நான் எழுதியிருந்தேன். கல்லூரியில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

சுரேந்தர் பின்னால் நின்றார். "இதென்னங்க, நடுவுல நின்னு கேள்வி கேக்குது?"

"ஒரே ஃபைல் ரெண்டு எடத்துல இருக்கு போல சார். அதான்."

அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஆபீஸில் யாரும் யாரையும் நம்புவதில்லை. ஒரு ஆர்டர் ஷீட் வந்தால் நாலு பேர் நாலு இடத்தில் காப்பி எடுத்து வைப்பார்கள். பெயர் ஒன்றாக இருந்தால் சரக்கும் ஒன்றுதான் என்று எனக்குப் பழகியிருந்தது.

"டூப்ளிகேட்டா? அப்பப் போகட்டுங்க. மேடம் முன்னால இப்படி நின்னு நின்னு கேட்டா அசிங்கமுங்க. கேக்காமப் பண்ற மாதிரி செஞ்சுருங்க."

கட்டளைக்குப் பின்னால் இருந்த ஒரு கழித்தல் குறியை எடுத்தால் போதும், கேட்காது. எடுத்தேன். இரண்டு நொடி.

சனிக்கிழமை மதியம் சர்வர் அறையில் சுரேந்தர் சொன்னார்: "நானே அமுக்கறனுங்க." ஆயுத பூஜைக்குப் புது மிஷினுக்கு விளக்கேற்றுகிற மாதிரி இருந்தது அவர் முகம். அமுக்கினார். நான்கு நிமிடம் ஓடியது. முந்நூற்றுப் பன்னிரண்டு ஃபோல்டரும் காலியாகி, ஐந்தே ஐந்து ஃபோல்டர் நிரம்பியது.

"காலி ஃபோல்டர் எல்லாம் எதுக்குங்க" என்று அவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தார். "இப்ப டிஃப்ராக் போட்டு உட்டுட்டா திங்கக்கெழமைக்குள்ள கம்ப்யூட்டர் பறக்குமுங்க."

டிஸ்க்கில் சிதறிக் கிடப்பதை எல்லாம் நெருக்கி அடுக்குகிற வேலை அது. சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் நகர்வதைச் சிறிது நேரம் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கோரல் ஃபோல்டரில் எத்தனை ஃபைல் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். முந்நூற்றைம்பதுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்து மூன்று இருந்தது. நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மேடம் வந்தார். ஐந்து ஃபோல்டரைப் பார்த்து "வெரி நீட்" என்றார். சுரேந்தர் என்னைக் காட்டி, "நம்ம சிஸ்டம்ஸ் ஸ்டாஃப்" என்றார். பிரிண்டருக்குக் காகிதம் வைக்கிறவள் ஒரே காலையில் சிஸ்டம்ஸ் ஸ்டாஃப் ஆகிவிட்டேன்.

"7214 ரிப்பீட் ஆர்டர் வருது. நிறம் மட்டும் மாத்தணும். அந்த ஆர்ட்வொர்க்கைக் காட்டுங்க" என்றார் மேடம்.

சுரேந்தர் கோரல் ஃபோல்டரைத் திறந்தார். ஸ்டைல் நம்பர் எங்கும் இல்லை. ஃபைனல் என்று ஒன்று இருந்தது. திறந்தார்.

கடல். வள்ளம். முக்காட்டுடன் ஒரு முதுகு. மேலே வளைவாக, 'இறைவன் திருவருளால்'. கீழே ராபினின் பெயர்.

"யாருக்குக் கல்யாணம்?" என்று சிரித்தார் மேடம்.

அப்போதுதான் ரோஸ்மேரி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். ஊரிலிருந்து நேராக பஸ் இறங்கி வந்திருந்தாள். தோளில் பை, கையில் எங்களுக்காகக் கொண்டுவந்த பனங்கிழங்குக் கட்டு. திரையைப் பார்த்தாள். சுரேந்தரைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. புரோகிராம் ஃபோல்டர் பெயர் வரிசைப்படி போயிருக்கிறது. இரண்டாவது ஃபோல்டரின் ஃபைனல் முதல் ஃபைனலின் மேல் ஏறி அதை அழித்திருக்கிறது. மூன்றாவது இரண்டாவதை. இப்படியே முந்நூற்றுப் பன்னிரண்டு. ஆகக் கடைசியில் வந்தது யாரும் பார்க்கக் கூடாது என்று அவள் ஒளித்து வைத்த இசட் இசட். கம்பெனிக்காக மூன்று வருடம் வரைந்த அத்தனையும் போய், தனக்காக வரைந்த ஒன்று மட்டும் தப்பித்து வந்து நடு ஆபீஸில் நின்றது.

மேடத்தை எப்படியோ சமாளித்துச் சாப்பிட அழைத்துப் போனார்கள். மீதி நாள் முழுக்கத் தேடினோம். பையர் அனுப்பியவை மெயிலில் இருந்தன, மறுபடி இறக்கிக்கொள்ளலாம். ரோஸ்மேரி வரைந்ததை எந்த மெயிலில் தேடுவது? பிரிண்டிங் பட்டறைக்குப் போன் போட்டேன். ஆர்டர் முடிந்ததும் ஸ்கிரீனைக் கழுவிவிடுவோம், இது தெரியாதா என்றார்கள். அவள் எழுதி வைத்திருந்த சிடிகளில் போன வருட ஆடி வரைக்கும்தான் இருந்தது. 7214 அதற்குப் பிறகு.

சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சனிக்கெழமையே கூப்புட்டிருந்தா பாதியாவது எடுத்திருக்கலாமுங்க. அழிஞ்சாலும் டிஸ்க்ல ஒக்காந்திருக்கும். இதுல எவனோ டிஃப்ராக் போட்டு உழுது வெச்சிருக்கான்."

அந்த 'எவனோ' அங்கேயேதான் நின்றிருந்தார். மொபைலை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் காலை முதலாளி கந்தப்பன் கூப்பிட்டார். ரோஸ்மேரியைத்தான் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"உக்காரு கண்ணு. நீயும் உக்காரம்மிணி. டீ சொல்லட்டுமா?"

கத்தினால் திருப்பிக் கத்தலாம். அந்த மனிதர் எங்களைக் கண்ணு என்கிறார், அம்மிணி என்கிறார், டீ சொல்லட்டுமா என்கிறார். எங்கே கையை வைத்துத் தள்ளுவது என்று தெரியாத சுவர்.

"தம்பிக்குக் கல்யாணமாக்கும்? சந்தோசம். ஆனா கம்பெனிக் கம்ப்யூட்டர்ல சொந்த வேல பாத்தது தப்புதானே கண்ணு?"

"சாப்பாட்டு நேரத்துல வரைஞ்சது மொதலாளி" என்றாள் ரோஸ்மேரி.

"மேடம் என்ன நெனச்சிருப்பாங்க, சொல்லு. ஆர்டர் டிசைனையெல்லாம் தொலச்சுப்போட்டுப் பத்திரிக அடிக்கறாங்கன்னுதானே?"

நான் எழுந்தேன். "மொதலாளி, அவ எதையும் தொலைக்கல. அழிச்சது நான் எழுதுன புரோகிராம். அது நின்னு கேட்டுச்சு. கேக்க வேண்டாம்னு சொன்னது சுரேந்தர் சார். அமுக்குனதும் அவருதான். மிச்சம் மீதி கெடைச்சிருக்கும், டிஃப்ராக் போட்டு அதுலயும் மண்ணள்ளிப் போட்டாரு. அனுப்புறதா இருந்தா எங்க ரெண்டு பேரையும் அனுப்புங்க. இவ அன்னைக்கு ஊர்லயே இல்ல."

சுரேந்தர் ஜன்னலைப் பார்த்தார். கந்தப்பன் சிரித்தார். கோபமே இல்லை.

"தகிரியமாப் பேசுது புள்ள. படிச்ச புள்ளையல்ல. சரி, எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் எழவெல்லாம் தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்லு. ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாப் பேர் வெச்சிருந்தா, இது அழிஞ்சிருக்குமா?"

வாயைத் திறந்தேன். அதற்கு ஒரு பதில்தான் இருந்தது.

"அழிஞ்சிருக்காது. ஆனா..."

"அவ்வளவுதானுங்கம்மிணி. நீயே சொல்லிப்போட்டே."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்னிடம் நிறைய இருந்தது. லைன் வீடு, கதவு நம்பர், அடுப்பு எல்லாம் இருந்தது. அதில் பாதியைச் சொல்லவும் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே டேபிளில் இருந்த பேப்பர்களை ஒழுங்குபடுத்தினார்.

"அப்ப என்னையும் அனுப்பிருங்க."

"உன்னய எதுக்குக் கண்ணு அனுப்பறது? நீதான இனி சிஸ்டம் எல்லாம் பாத்துக்கோணும். உங்கம்மாவும் கீழதானே நிக்குது?"

அதைச் சொல்லும்போதும் குரல் அப்படியேதான் இருந்தது. அதற்குப் பிறகு நான் பேசவில்லை. இதை எழுதும்போதுகூட வேறு மாதிரி எழுதிவிடலாமா என்று கை வருகிறது. பேசவில்லை என்பதுதான் நடந்தது.

ரோஸ்மேரி கீழே டைம் ஆபீஸில் கணக்கு முடித்துக் கையெழுத்துப் போடப் போனாள். நான் என் மேசைக்கு வந்தேன். அந்த ஃபைலையாவது ஒரு சிடியில் எழுதிவிடலாம் என்று டிராயரைத் திறந்துகொண்டிருந்தபோது சுரேந்தர் வந்து பின்னால் நின்றார்.

"அந்தப் பத்திரிகைய டெலீட் பண்ணிருங்க வேல்விழி. நம்ம சிஸ்டத்துல இதெல்லாம் இருக்கக் கூடாதுங்க. குப்பைல போட வேண்டாம், நேராவே அழிச்சுருங்க."

"அப்பறம் பண்றேன் சார்."

"இப்பவே பண்ணிருங்க. நான் நிக்கறேன்."

நின்றார். ஃபைனலைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் பட்டனை அமுக்கினேன். ஒரு சின்னக் கட்டம் வந்தது. நிச்சயமாக அழிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை கேட்காதது இப்போது கேட்டது. என் கை மவுஸின் மேல் இருந்தது. வேண்டாம் என்பதற்கும் அதில் ஒரு பட்டன் இருந்தது.

"எஸ் குடுங்க" என்றார்.

கொடுத்தேன்.

படியில் இறங்கி ஓடி ரோஸ்மேரியைக் கேட்டுக்குப் பக்கத்தில் பிடித்தேன். பனங்கிழங்குக் கட்டு இன்னும் அவள் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

"ஏட்டி, அந்தப் பத்திரிகைய மட்டும் ஒரு சிடில எழுதித் தாரியா? நாளைக்கு அச்சுக்குக் குடுக்கணும்."

"அழிச்சிட்டேன்."

"யாரு, அவனா?"

"நான்தான். அவரு பின்னாடி நின்னாரு."

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். சாயப்பட்டறை லாரி ஒன்று போனது.

"சனிக்கெழமை எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லா?" என்றாள். "எல்லா ஃபோல்டர்லயும் ஃபைனல் இருக்கே, இது என்னதுட்டின்னு. சொல்லிருப்பேனே."

என்னிடம் அவள் நம்பர் இருந்தது. மொபைலில் காசும் இருந்தது. பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அன்று வீட்டில் அம்மாவிடம் சொன்னேன், வேலையை விட்டுவிடுகிறேன் என்று. அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே, "உன்னய மாடியில உக்கார வைக்கத்தானடி நான் எட்டு மணி நேரம் நிக்கேன்" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

இப்போது ரோஸ்மேரியின் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். சாம்பிள் அலமாரியிலிருந்து பழைய டி-சர்ட்டுகளை எடுத்து ஸ்கேனரில் விரித்து, அதன் மேல் கோடு வரைகிறேன். 7214-இல் ஒரு முயல். மூன்று முறை வரைந்தேன். ரோஸ்மேரியின் முயல் சிரிக்கும். என்னுடையது பல்லைக் காட்டுகிறது. பிரிண்டிங் பட்டறைக்காரர் திருப்பி அனுப்பினார். ஃபைலுக்குப் பெயர் மட்டும் ஒழுங்காக வைக்கிறேன், ஸ்டைல் நம்பர், நிறம், தேதி எல்லாம் போட்டு.

மூன்று வாரம் கழித்து ராபினின் பத்திரிகை வந்தது. செக்கிங் பெண் ஒருத்தியிடம் ரோஸ்மேரி கொடுத்தனுப்பியிருந்தாள். கடையில் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கும் ரெடிமேட் அட்டை. முன்பக்கம் இரண்டு புறா, நடுவில் ஒரு மோதிரம், ஓரத்தில் தங்கத்தூள். உள்ளே பெயர்களை மட்டும் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். உறையின் மேல் அவள் கையெழுத்தில் அம்மாவின் பெயர் இருந்தது. 'மற்றும் குடும்பத்தார்' என்று போட்டிருந்தாள்.

திங்கட்கிழமை கல்யாணம். அம்மா லீவு கேட்டு வாங்கிவிட்டாள். நானும் லீவு கேட்டுப் போய் நின்றேன்.

"திங்கக்கெழமையா?" என்றார் சுரேந்தர். "7214 சாம்பிள் அன்னிக்கு அனுப்பியாகோணுமுங்களே. நீங்க இல்லாம எப்படிங்க?"

அட்டையை ஸ்கேனருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முயலின் வாயை நான்காவது முறையாக அழித்தேன்.